சவுண்ட் அக்கா

சவுண்ட் அக்காவிடம் யாரும் எதையும் கேட்கத் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் போதும். பதில் அக்காவிடமிருந்து வரும்.

நான் அவரைச் சந்தித்ததே அப்படித்தான். ஒக்லாந்துக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிளென் ஈடனில் சுப்பர்மார்க்கெட் வரிசையில், இடுப்பில் மகளோடு நிற்கிறேன். காசு வாங்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று நான் உண்மையிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். தடிமனும் இருமலும் இன்னும் மாறவில்லை. வீட்டுக்குள் ஈரம். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. இதில் எதைச் சொல்வது, எதை விடுவது? நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அது பொய்யாகாதா? அவள் என் பாண் ரொட்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

"ஷி இஸ் குட், டார்லிங். வெரி குட்."

திரும்பினேன். நாற்பது வயது தாண்டிய ஒரு பெண், ஒரு கையில் லீக்ஸ், மறுகையில் குடை.

"பிள்ளை, இஞ்ச அது கேள்வியில்லை. வணக்கம் சொல்லுற மாதிரி. நீர் உண்மையைச் சொல்ல வெளிக்கிட்டால் பின்னால நிக்கிற சனம் வீட்ட போய்ச் சேராது."

நான் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நிற்க, காசு வாங்கும் பெண் என் மகளிடம் பெயரைக் கேட்டாள். "இவ வெட்கப்படுகிறா" என்று அதற்கும் ஆங்கிலத்தில் பதில் போய்விட்டது. மகள் வெட்கப்படவில்லை. வாய் திறந்து அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்கு அப்போது பெரிய நிம்மதி. எனக்காகப் பதில் சொல்ல ஒருவர் கிடைத்துவிட்டார்.

அக்காவுக்கு மன்னார்ப் பக்கம். இங்கே ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தார். அவருக்கென்றே செய்த வேலை அது. வாய்க்குள் பஞ்சையும் குழாயையும் வைத்த பிறகுதானே பல் வைத்தியர்கள் கதை கேட்பார்கள்? விடுமுறைக்கு எங்கே போனீர்கள், பிள்ளைகள் சுகமா, நோகிறதா? கதிரையில் கிடப்பவர் 'ஆ... ஆ...' என்பார். அக்கா மொழிபெயர்ப்பார். என் கணவர் ஒருமுறை கடைவாய்ப்பல் பிடுங்கிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"நோகேல்லையோ?" என்றேன்.

"நல்லா நொந்தது. நான் சொல்ல முந்தி அக்கா 'இல்லை' எண்டிட்டா. பிறகு நான் மாத்திச் சொல்லுறது மரியாதை இல்லைத்தானே."

இந்தப் பழக்கம் ஊரிலேயே தொடங்கியது என்று அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடும்போது, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஒரு வருடம் பிலாத்துவாக நடித்தவர், கை கழுவும் கட்டத்தில் தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பை உரத்துச் சொல்லிவிட்டார். அந்த வருடம் எங்கள் ஆண்டவருக்குப் பெண் குரலில் தீர்ப்பு வந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"அவர் யோசிக்கிற மாதிரி நடிச்சவராம். எனக்கெப்பிடித் தெரியும்? மனுசர் சும்மா நிண்டால் மறந்துபோச்சு எண்டுதானே அர்த்தம்."

அக்காவின் கணவரை நாங்கள் அத்தான் என்று கூப்பிடுவோம். எப்படிச் சுகம் என்று யாராவது அத்தானைக் கேட்டால், "அவருக்கு முழங்கால் கொஞ்சம் நோவு" என்று அக்கா சொல்வார். அத்தான் ஆமோதித்து முழங்காலைத் தடவுவார்.

'சவுண்ட் அக்கா' என்ற பெயர் வந்தது ஒரு படத்தால். அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எடுத்தவர்களே அதை மறக்க விரும்பியிருப்பார்கள். கதாநாயகன் தபால்காரன். கதாநாயகி பணக்கார வீட்டுப் பெண். வெள்ளைக் கோட்டுப் போட்ட வில்லன் ஒருவன், மடியில் பூனையைத் தடவிக்கொண்டே எல்லா அநியாயத்தையும் செய்வான். பூனை ஒரு காட்சியில் கறுப்பு. அவன் திரும்பிப் பார்க்கும் நேரத்துக்குள் அது மண்ணிறமாகிவிடும். பிறகு மீண்டும் கறுப்பு.

மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானத்தில் கிளென் ஈடனில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, யாராவது சிங்கப்பூர் வழியாகக் கொண்டுவந்த வீடியோக் கசெற்றை வெள்ளைப் படுக்கை விரிப்பில் பெரிதாக்கிக் காட்டுவோம். இந்தப் படத்தின் கசெற் எத்தனை வீட்டுப் பெட்டிகளுக்குள் போய் வந்ததோ, ஓரிடத்தில் நாடாவின் ஓரம் மடிந்திருந்தது. அந்த இடம் வந்தால் படம் ஓடும், சத்தம் இருக்காது. அதுவும் எந்த இடம்? ரயில் நிலையம். வண்டி புறப்படப் போகிறது. கதாநாயகன், "என்கூட வந்துடுறியா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான், சத்தம் நின்றுவிடும். அவள் ஏதோ சொல்கிறாள். காற்று வேறு தலைமயிரை அள்ளி அவள் வாயில் போடுகிறது.

சனம் ஊர்த் தியேட்டரில் கத்துவதுபோலவே கத்தியது. "சவுண்ட்! சவுண்ட்!" அத்தான் ஓடிப்போய் வீடியோப் பெட்டியின் தலையில் தட்டினார். இரண்டாவது வரிசையிலிருந்து அக்கா கதாநாயகிக்குப் பதிலாக எழுந்து நின்றார்.

"ஓம்! வாறன்!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. அக்கா திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. கதாநாயகியின் அப்பாவாக அழுதார், வில்லனாகச் சபித்தார், ரயிலாகக் கூவினார், பூனையாகவும் ஒருதரம் கத்தினார். கடைசியில் உண்மையான சத்தம் திரும்பி வந்தபோது மண்டபம் முழுவதும் "ச்சே" என்றது.

அடுத்த மாதம் புதுப்படம் என்று சொல்லியிருந்தார்கள். கசெற்றைப் போட்டால் அது யாரோ வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. பழையதையே போடுங்கோ என்று பின்வரிசை கத்தியது. போட்டார்கள். அன்றைக்குச் சென்னையிலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பி, சத்தம் போனதும் கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க எழுந்தார். அக்கா வழக்கம்போல "ஓம்!" என்றதும் அவர் பாத்திரத்தை மறந்து திரும்பிவிட்டார்.

"அக்கா, அது தமிழ்நாட்டுப் பொண்ணு. 'ஓம்'னு சொன்னா சாமி கும்பிடுற மாதிரி இருக்கு. 'ஆமா'ன்னு சொல்லுங்க."

"தம்பி, எங்கட ஆக்கள் 'ஆமா' எண்டு படத்திலதான் சொல்லுவினம்."

"இதுவும் படம்தான்க்கா!"

அந்த வாய்ச்சண்டையிலிருந்துதான் 'ஓம்-ஆமா கோஷ்டி' பிறந்தது. எல்லா மாதமும் அதே படம். திரைக்கு முன்னால் நின்று, திரையில் நடப்பதையெல்லாம் தாங்களும் நடிக்கும் ஏழெட்டுப் பேர். தம்பிக்குத் தபால்காரச் சட்டை தைத்தார்கள். மழை பெய்யும் காட்சியில் மண்டபம் முழுக்கக் குடை விரியும். ஒக்லாந்தில் குடை இல்லாமல் யார் வெளியே வருகிறார்கள்? பூனை நிறம் மாறும் இடத்தில் ஒரு பக்கம் "பூனை மாறிட்டுது!" என்று கத்த, மறுபக்கம் "பூனை மாறிடுச்சு!" என்று கத்தும். மண்டபத்தைப் பூட்ட வரும் சமோவாக்காரர் ஒருவர், என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்கத் தொடங்கி, பிறகு நேரத்தோடே வந்து முன்வரிசையில் இருந்துகொள்வார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'பூனை'. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் அதைக் கத்துவார்.

கதாநாயகி உண்மையில் என்ன சொன்னாள் என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. உதட்டைப் பாருங்கள், திறந்து மூடித் திறக்கிறது, 'ஆமா'தான் என்பார் தம்பி. முதலில் திறந்தது மூச்சு வாங்க, பிறகு மூடியதுதான் 'ஓம்' என்பார் அக்கா. மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெண் "ஆமாலா" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு பக்கத்திடமும் பேச்சு வாங்கினாள். தம்பி கடைசியில், சென்னையிலிருக்கும் தன் அண்ணனிடம் நல்ல கசெற் ஒன்று தேடி அனுப்பச் சொல்லியிருந்தார்.

எனக்கு நடிக்க வராது. வடை சுடுவேன். இடைவேளைக்கு வடை என்னுடைய பொறுப்பு. அந்தப் பொறுப்பு எனக்கு வந்த விதமும் அக்காவின் விதம்தான். தொலைபேசி அடிக்கும்.

"பிள்ளை, இந்த முறையும் வடை நீர்தானே? ஓம், நீர்தான். சரி, வைக்கிறன்."

"ஓம் அக்கா" என்று நான் சொல்லும்போது அநேகமாக மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். ரிசீவரை வைத்துவிட்டு, குசினிச் சுவரைப் பார்த்து, "மாட்டன்!" என்று ஒருதரம் சொல்வேன். மாட்டேன் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். சுவரிடம் மட்டும் சொல்லும் சொல். பிறகு பருப்பை ஊறப்போடுவேன். என் காலடியில் மகள் சட்டிமூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருப்பாள்.

மகளுக்கு மூன்று வயது நெருங்கியும் அவள் ஒரு சொல் பேசவில்லை. சொல்வதெல்லாம் விளங்கும். செருப்பைக் கொண்டுவா என்றால் கொண்டுவருவாள். நிலாவைக் காட்டச் சொன்னால் காட்டுவாள். அம்மா சொல்லு என்றால் என் வாயையே பார்ப்பாள், ஏதோ அங்கேதான் வைத்திருப்பதுபோல. காது பரிசோதித்தாயிற்று, கேட்கிறது. நான் எல்லாவற்றையும் யோசித்தேன். வயிற்றில் இருந்தபோது நான் அதிகம் அழுதேனா? இரும்புச்சத்துக் குளிசை ஒழுங்காகப் போடவில்லையா? பகலெல்லாம் அவளோடு தனியாக இருக்கிறேனே, நான் கதைப்பது போதாதா, கூடிவிட்டதா?

குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் நேர்ஸ் நல்ல பெண். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பலாம், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசிப்பாருங்கள் என்றார். மூன்றாவது பிறந்தநாளுக்குப் பிறகு வருவேன், அந்த வயதில் இரண்டு சொற்களையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெரிய வைத்தியரிடம் அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். விரி என்ற இடத்தில் பண்டசாலை வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் களைத்திருந்தார்.

"அவ படிச்சவ. சொன்னால் செய்து பாப்பம். பிறந்தநாளோட தமிழை நிப்பாட்டுவம். அந்த மண்டபத்துக்கும் கொண்டுபோகவேண்டாம். அங்க ஒரு சொல்லுக்கே ரெண்டு கோஷ்டி."

நான் சரி என்றேன். நான் எதற்கும் சரி என்பவள். அடுத்த நாளே பழகிப் பார்த்தேன். மகளுக்கு முன்னால் முழங்காலிட்டு, கொஞ்சம் பால் அருந்த விரும்புகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்த ஆங்கிலம். பிழை ஒன்றும் இல்லை. மகள் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அன்றைக்குச் சுடுதண்ணீரில் கை வைக்கப் போனவளைத் தடுக்க வாயில் வந்தது தமிழ். தாலாட்டும் தமிழ். இதையெல்லாம் நிறுத்திவிட்டால், இவள் வளர்ந்து என்னோடு சண்டை பிடிக்கும்போது நான் எந்த மொழியில் பிடிப்பேன்? தேநீர் விருந்துக்கு வந்தவள்போலவா?

பிறந்தநாளுக்கு முன்னால் ஒரே ஒரு கடைசி ஞாயிறுதான் இருந்தது.

மகளுக்கு அக்காவைப் பிடிக்கும். ஒத்திகையிலும் படம் ஓடும்போதும் மேடைப் படியில் அவர் காலடியில்தான் இருப்பாள். அக்காவும் அவளுக்காகப் பேசுவார். அவவுக்குத் தண்ணி வேணும், அவவுக்குக் குளிருது, அவவுக்கு அந்தச் சிவப்புக் குடைதான் வேணும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் அந்த ஒத்திகை நாள்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சென்னைத் தம்பி ஒரு துண்டுக் கேக்கை நீட்டினார்.

"கேக் வேணுமா பாப்பா?"

நான் தற்செயலாக மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடுகள் ஒன்றோடொன்று அழுந்தின. தாடை மெல்ல அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று என் உடம்பே நின்றுவிட்டது.

"ஓம், அவவுக்கு வேணும்," என்றார் அக்கா.

உதடுகள் தளர்ந்தன. வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். கேக்கையும்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது, ஏனென்றால் வீட்டில் நான் செய்வதும் அதுதான். அவள் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தால் பால் கொடுக்கிறேன். கதவைப் பார்த்தால் திறக்கிறேன். நல்ல தாய் என்றால் கேட்காமலே தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் பேச எங்கே இடம்?

அக்காவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? வந்த நாள்தொட்டு எங்களுக்கு எல்லாம் செய்தவர். அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போது ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொருதரமும் வசனத்தை மாற்றினேன். கடைசியில் அடுத்த ஒத்திகை முடிந்து, அக்கா வீட்டு வான் வண்டியில் திரும்பி வரும்போது, அத்தான் வண்டி ஓட்ட, அக்கா பக்கத்தில் இருக்க, பின்னால் மகளை மடியில் வைத்தபடி அவருடைய கொண்டையைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா... பிள்ளையிட்ட ஆரும் ஏதும் கேட்டால்... உடன சொல்லாமல் கொஞ்சம் பொறுத்துப் பாப்பமோ? பிழையாய் நினைக்காதேங்கோ. நானும் அப்பிடித்தான் செய்யிறனான். ரெண்டு பேரும் பொறுத்துப் பாப்பமோ எண்டு..."

வண்டி ஒரு சந்தியில் திரும்பியது. சிக்னல் டிக் டிக் என்றது. வண்டிக் கண்ணாடியில் மழை. அக்கா பேசாமல் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, கோபமோ?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "அவவுக்கு விளங்கிட்டுது," என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வசனம் அது.

அந்த மாதம் வடைக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. நான் சுவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அக்காவை நோகடித்துவிட்டேன் என்ற நடுக்கத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வடை சுட்டேன்.

ஞாயிறு வந்தது. மழை என்பதால் மண்டபத்தில் நல்ல கூட்டம். கணவரும் வந்திருந்தார், மகளுக்கு இது கடைசித்தரம் என்பதால். அக்கா சிவப்புச் சேலையில், கதாநாயகிக்குரிய பெரிய பொட்டோடு நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மகள் வழக்கம்போல மேடைப் படியில். பூனை மாறியது, சமோவாக்காரர் கத்தினார். மழை பெய்தது, குடைகள் விரிந்தன. ரயில் நிலையம் வந்தது. தம்பி தபால்காரச் சட்டையில் ஒரு முழங்காலை மடித்தார்.

"என்கூட வந்துடுறியா?"

சத்தம் நின்றது. திரையில் அவள் தலைமயிரைக் காற்று தூக்கியது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தார். பிறகு இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா மறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து தொடங்கியது. "சவுண்ட்! சவுண்ட்!" தரையில் கால்கள் தட்டின. அக்காவின் கண்கள் பிதுங்கின. அவருடைய தோள்கள் ஆடுவது எனக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு பெரிய 'ஓம்' கதவை இடிக்கிறது. அவர் கையை எடுக்கவில்லை.

பாவம் தம்பி. பதில் வராமல் தடுமாறி, அக்காவை விட்டு, படியில் இருந்த மகளின் பக்கம் முழங்காலைத் திருப்பினார். கையை நீட்டினார்.

"நீயாச்சும் சொல்லு பாப்பா. என்கூட வந்துடுறியா?"

அவள் உதடுகள் அழுந்தின. நான் அருகில் இருந்த கணவரின் கையைப் பிடித்தேன். சொல்லிக் கொடுக்க வேண்டும்போல, ஓடிப்போய்த் தூக்க வேண்டும்போல, கேள்வியை இன்னும் எளிமையாகக் கேட்கச் சொல்ல வேண்டும்போல எல்லாம் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை.

"மாட்டன்!" என்றாள் மகள்.

கூரை அதிர்ந்தது. தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். திரையில் கதாநாயகியோ, மாட்டேன் என்று சொன்ன கையோடு சிரித்துக்கொண்டே அவனுடன் ரயிலில் ஏறிக்கொண்டிருந்தாள். சமோவாக்காரர் ஒன்றும் விளங்காமல் எழுந்து நின்று, "பூனை!" என்று கத்தினார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வேறு பிள்ளை ஏதும் சொல்லியிருக்குமோ? தம்பிக்கும் அதே சந்தேகம்போல. கிடந்தபடியே தலையைத் தூக்கினார்.

"நிஜமாவே வரமாட்டியா?"

"மாட்டன்! மாட்டன்!"

என் கணவர், களைப்பு முகம் முழுக்கச் சிரிப்பாக, என்னைப் பார்த்தார். அக்கா கைகளை எடுத்தார். பொட்டு மூக்குவரை இறங்கியிருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நாங்கள் இவ்வளவு பேரும் ஓமும் ஆமாவும் எண்டு தொண்டை கிழியக் கத்துறம். இவ இதை ஆரிட்டப் பழகினவ?"

கேட்டுவிட்டு அக்கா நின்றார். பதிலைத் தானே சொல்லவில்லை. புருவத்தை உயர்த்தி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, எனக்காகக் காத்திருந்தார். அந்தச் சுப்பர்மார்க்கெட் வரிசையில் நின்றதுபோலவே எனக்கு இருந்தது. ஆனால் இப்போது பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

"என்னட்டத்தான் அக்கா," என்றேன். "நீங்கள் வடைக்கு ஃபோன் பண்ணி வைச்ச உடன... நான் சுவருக்குச் சொல்லுறனான்."

"ஒவ்வொரு மாசமுமோ?"

"ஒவ்வொரு மாசமும்."

அக்கா சிரித்த சிரிப்பில் மகள் அவர் தோளில் குலுங்கினாள். "அப்ப அடுத்த முறை வடை?" என்றார். மறுபடி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மாட்டன் அக்கா."

"சரி. பிஸ்கட் வாங்குவம்."

அவ்வளவுதான். இத்தனை மாதம் நான் சுவரோடு நடத்திய வழக்கு ஒரு பிஸ்கட்டோடு முடிந்தது.

பிறந்தநாளுக்குப் பிறகு நேர்ஸ் வந்தார். மகளிடமிருந்த பொம்மையைக் காட்டி, எனக்குத் தருவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மாட்டன்" என்றாள் மகள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் சொன்னேன். இரண்டு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்களே, இதை உங்கள் மொழியில் சொன்னால் மூன்று சொல் என்றேன். 'நான்' என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது என்றேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மறைவதற்குள், நாங்கள் வீட்டில் தமிழ்தான் கதைக்கப்போகிறோம் என்று சொல்லி முடித்தேன். சொன்னது சரியா என்று அன்றைக்குப் பகல் முழுக்க யோசித்தேன். அது என் சுபாவம். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அதன் பிறகு எங்கள் கோஷ்டியின் படத்தில் கதாநாயகி 'மாட்டன்' என்றுதான் சொன்னாள், மகளின் குரலில். அக்கா மற்றவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினாரா என்றால், இல்லை. பல் வைத்தியரின் கதிரையில் கிடந்தவர்களுக்கு அப்போதும் நோகவில்லை. அத்தானின் முழங்காலைப் பற்றி அப்போதும் அவர்தான் சொன்னார். ஆனால் யாராவது என் மகளிடம் ஏதாவது கேட்டால், அக்காவின் கை தானாக எழுந்து அவர் வாயைப் பொத்தும். ஒக்லாந்தை விட்டுப் போகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்போது மகள் பாடசாலை போகிறாள். நிறுத்தாமல் கதைக்கிறாள், பாதிக்கு மேல் ஆங்கிலம். சண்டை மட்டும் தமிழில். கைக்குழந்தை ஒருவன் இருக்கிறான். அவன் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தால் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அக்காவும் அத்தானும் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள். அதோடு கோஷ்டியும் கலைந்தது. அவர்கள் புறப்படும் நேரத்தில்தான் சென்னைத் தம்பியின் அண்ணன் அனுப்பிய நல்ல கசெற் வந்து சேர்ந்தது. நாடா மடியாதது, முழுச் சத்தத்தோடு. "முதல்ல நான் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று அக்கா அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

போன வாரம் அவரோடு தொலைபேசியில் கதைத்தேன். என் சுகத்தை அவரே கேட்டு அவரே சொன்னார். எல்லாம் கதைத்து முடிந்து வைக்கப்போகும்போது கேட்டேன்.

"அக்கா, அந்தக் கசெற் பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

"அவள் உண்மையில என்னக்கா சொன்னவள்? ஓமோ, ஆமாவோ?"

மறுமுனையில் சத்தமே இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அக்கா மூச்சுவிடுவது கேட்டது. கையால் வாயைப் பொத்தியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என்னால் முடியவில்லை. குசினிச் சுவர் அதிரக் கத்தினேன்.

"சவுண்ட்! சவுண்ட்!"